பளிச்சக்கா துவைத்த அரசாங்கத் துணி

அந்த ஊரில் கோழிகளுக்குக்கூட நரை விழுந்திருந்தது. குஞ்சுகள் மஞ்சளாக ஓடியாடுவதெல்லாம் நாலு நாள் கூத்து. அப்புறம் அவையும் தாயைப் போலவே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். எல்லாம் ஊருக்கு மேற்கே நின்ற சிமெண்ட் ஆலையின் உபயம். அதன் ஒற்றைப் புகைபோக்கி ராப்பகலாக ஊர்மேல் மாவு சலித்துக்கொண்டிருந்தது. மரத்து இலை சாம்பல், ஜன்னல் கம்பி சாம்பல், சைக்கிள் சீட்டு சாம்பல். தூறல் விழுந்தால் இன்னும் வேடிக்கை. தூசு நனைந்து அப்படியே இறுகிப்போகும். எங்கள் வீட்டு மாடி தானாகவே கெட்டியாகிக்கொண்டு வருகிறது, கொத்தனார் செலவு மிச்சம் என்று ஊர்க்காரர்கள் வெளியூர்ச் சொந்தங்களிடம் அளந்துவிடுவார்கள்.

ஆனாலும் ஆலையை யாரும் வாய்விட்டுத் திட்டி நான் கேட்டதில்லை. அது வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் கல்லும் முள்ளும்தான் விளைந்தன. ஆலை வந்தது, மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. ஓட்டு வீடு மாடி வீடானது. டீக்கடை சுவருக்குச் சுவர் கண்ணாடி பதித்து ஹோட்டலாகிவிட்டது. அதைவிடப் பெரிய அதிசயம், தூசும் சோறு போட்டது. வருஷம் தவறாமல் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்ததால் பெயிண்ட் கடைக்காரர் கார் வாங்கினார். டாக்டர் இருமலை வைத்தே கிளினிக்கை நர்சிங் ஹோமாக்கினார். பைக் கழுவும் கடையில் எந்நேரமும் வரிசை நின்றது. யார் இருமினாலும் ஊரில் இன்னொருவர் பையில் நாலு காசு விழுந்தது.

அப்படித் தூசில் தழைத்தவர்களில் முதல் ஆள் பளிச்சக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை யார் நினைவு வைத்திருந்தார்கள்? கடைத்தெரு வளைவில் லாண்டரி வைத்திருந்தாள். ஒரு பழைய மெஷினோடு ஆரம்பித்தவள். நான் சொல்லுகிற காலத்தில் நீளக் கூடம் முழுக்க மெஷின்கள் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன. நர்சிங் ஹோம் கோட்டு, ஹோட்டல் படுக்கை விரிப்பு, பள்ளிக்கூடச் சீருடை, ஆலைக்காரர்களின் வெள்ளை மேலங்கி எல்லாம் அவளிடம்தான். துணியை வெளியில் காயப்போட்டால் துவைத்த கூலி தண்டம் என்பதால் பின்பக்கம் ஜன்னலில்லாத அறை கட்டி, சூடான காற்று அடிக்கவைத்துக் காயவைத்தாள். எது காய்ந்து வந்தாலும் காலரைப் புரட்டி, விளக்குக்கு நேராகப் பிடித்து ஒரு பார்வை பார்ப்பாள். திருப்தி வந்தால் வாயிலிருந்து "பளிச்" என்று ஒரு சத்தம். வராவிட்டால் துணி மறுபடி மெஷினுக்குள். பெயர் வந்த கதை அதுதான்.

அழுக்குத் துணி அவள் கண்ணில் பட்டால் போதும், கை சும்மா இருக்காது. இதைக் குணம் என்பதா வியாதி என்பதா என்று அவள் வீட்டுக்காரருக்கே கடைசிவரை தெரியவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவரின் சட்டைப் பையைப் பிடித்து, "இது பேனா மையா? இங்கயே கழட்டிக் குடுங்க, கறை இறங்கிடும்" என்று கேட்டு மனுஷனை ஓடவைத்தவள். டாக்டர் அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்தால், அவள் டாக்டரின் கோட்டுக் கையைத் திருப்பிப் பார்ப்பாள். வீட்டுக்காரர் சாது. மூட்டைகளை வண்டியில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. எந்தத் துணி எந்த வீட்டுக்கு என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அதைத் தவிர உலகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுவார்.

இவ்வளவு இருந்தும் பளிச்சக்காவுக்கு ஒரு குறை உண்டு. அவளுடைய ஒரே தங்கச்சி ஊரில் இல்லை. முன்பு அக்காவும் தங்கச்சியும் சேர்ந்துதான் கடையை நடத்தினார்கள். ஒருத்தி துவைக்க, ஒருத்தி இஸ்திரி போட, நடுவில் ஓயாத பேச்சும் சிரிப்பும். தங்கச்சிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குட்டி என்று கூப்பிட்டார்கள். துணிக்கூடைக்குள் படுத்து வளர்ந்தது. நடக்கப் பழகிய வயதில் அதற்கு இளைப்பு வந்தது. மூச்சுக்கு மூச்சு நெஞ்சுக்குள் விசில் கேட்கும். டாக்டர் நல்ல மனுஷன், தன் வருமானத்தைப் பார்க்காமல் உண்மையைச் சொன்னார். இந்தக் காற்று இந்தக் குழந்தைக்கு ஆகாது, வேறு ஊர் பாருங்கள் என்றார். தங்கச்சி புருஷன் ஆலை வேலையை விட்டார். கடலோரம் ஒரு சின்ன ஊருக்குக் குடிபோனார்கள். அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை, வேலைக்குத்தான் பஞ்சம். குட்டியின் விசில் நின்றது, அடுப்பு பாதி நாள் எரிந்தது. தங்கச்சி போனபின் இஸ்திரி மேஜைக்குக் கூலிக்கு ஆள் வைத்தாள் பளிச்சக்கா. கூலி ஆள் சிரிக்க மாட்டார்.

இந்த நிலையில்தான் தலைநகரத்தில் யாருக்கோ ஒரு யோசனை பிறந்தது. ஆலை நன்றாக ஓடுகிறது, பக்கத்திலேயே இரண்டாவதாக ஒரு புகைபோக்கி கட்டினால் என்ன? கட்டலாம், ஆனால் ஊர்க்காற்றில் தூசு எவ்வளவு என்று ஒரு வருஷம் அளந்து காட்டினால்தான் அனுமதி என்று சட்டம் இருந்தது. மாசு அளக்கும் ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். ஊர் அவருக்கு அன்றைக்கே தூசிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டது. சதா மூக்கடைப்பு. கைக்குட்டையும் கையுமாகத் தெருத்தெருவாக அண்ணாந்து பார்த்து நடந்தார். கடைத்தெருவிலேயே உயரமான மாடி லாண்டரி மாடி. அங்கே ஏறி, ஒரு மரச்சட்டத்தில் வெள்ளைத் துணி ஒன்றை இழுத்து மாட்டி வைத்தார். புதுத்துணியை எடை போட்டு வைத்திருக்கிறோம், மாதக்கடைசியில் தூசோடு எடுத்துப்போய் மறுபடி எடை போடுவோம், ஏறின கனம்தான் காற்றின் அழுக்கு, அதனால் யாரும் தொடக்கூடாது என்று வீட்டுக்காரரிடம் விளக்கமாகச் சொன்னார். வீட்டுக்காரர் பயபக்தியோடு தலையாட்டினார். படியிறங்குவதற்குள் நர்சிங் ஹோம் மூட்டை ஞாபகம் வந்துவிட்டது. அத்தோடு அரசாங்கம் மறந்துபோயிற்று.

மறுநாள் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்க மாடி ஏறினாள் பளிச்சக்கா. அங்கே என்ன பார்க்கிறாள்? தன் சொந்த மாடியில், ஊரே பார்க்கும் உயரத்தில், ஒரு வெள்ளைத் துணி சாம்பல் பூத்துப்போய்க் கிடக்கிறது. எண் சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிவிட்டது அவளுக்கு. லாண்டரிக்காரி வீட்டு மாடியில் அழுக்குத் துணியா? பார்க்கிற நாலு பேர் என்ன நினைப்பார்கள்? சட்டத்தின் மூலையில் ஆபீஸ் முத்திரை இருந்தது. யாரோ ஆபீஸ்காரர் காயப்போட்டுவிட்டு மறந்துவிட்டார், பாவம் என்று முடிவு கட்டினாள். துணியைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து அலசி, வெளுத்து, துளி நீலம் போட்டு, சூட்டறையில் காயவைத்து, மொறுமொறுவென்று இஸ்திரி போட்டு, மறுபடி அதே சட்டத்தில் அதே இழுப்பில் மாட்டினாள். தள்ளி நின்று பார்த்தாள். "பளிச்" என்றாள்.

அதற்கடுத்த நாள் போய்ப் பார்த்தால் மறுபடி அழுக்கு. அவள் விடுகிற ஆளா? அன்றாடம் சாயங்காலம் தொட்டியைப் பார்ப்பதும் துணியைத் துவைத்து மாட்டுவதும் பல் விளக்குவதுபோல் பழக்கமாகிவிட்டது. ஊரில் வேறு எவர் மாடியில் வைத்திருந்தாலும் அந்தத் துணி அதன் கடமையை ஒழுங்காகச் செய்திருக்கும்.

மாதக்கடைசியில் தூசிக்காரர் வந்தார். துணி வெள்ளை வெளேரென்று இருந்தது. சோப்பு வாசனை ஆளைத் தூக்கியது, ஆனால் அவர் மூக்கு அடைத்து எத்தனையோ காலம். துணியை உறையில் போட்டுக்கொண்டு புதுத்துணி மாட்டிவிட்டுப் போனார். ஆபீசில் எடை போட்டார்கள். போகும்போது இருந்ததைவிடத் துணி கனம் குறைந்திருந்தது. புதுத்துணியில் மில்லிலேயே ஏற்றிய பசையெல்லாம் பளிச்சக்காவின் கைவண்ணத்தில் கரைந்து போயிருந்தது, வேறொன்றும் இல்லை. ஆனால் ஆபீஸ் கணக்குப்படி அந்த ஊர்க் காற்றில் தூசு இல்லை என்பது மட்டுமல்ல, இருக்கிற தூசையும் அந்தக் காற்று துடைத்தெடுக்கிறது. குமாஸ்தா மைனஸ் போட்டார். மேலதிகாரி, மைனஸில் எங்கேயய்யா தூசு இருக்கும் என்று திட்டிவிட்டுப் பூஜ்யம் போட்டார். அடுத்த மாதமும் அதே கதை. வருஷம் முழுக்க அதே கதை. கடைசியில் நாட்டிலேயே சுத்தமான காற்று உள்ள தொழில் நகரம் என்று அந்த ஊர் பேர் பேப்பரில் வந்தது.

ஊருக்குத் தலைகால் புரியவில்லை. பேப்பரில் போட்டுவிட்டால் அப்புறம் கண்ணால் பார்த்தது எந்த மூலைக்கு? சாம்பல் படிந்த தெருவில் நின்றுகொண்டு எல்லோரும் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார்கள். இழுத்து, இருமி, இருமி முடித்து, ஆகா என்ன காற்று என்றார்கள். இருமல் எல்லாம் மனப்பிரமை என்று பெயிண்ட் கடைக்காரர் நர்சிங் ஹோம் வாசலிலேயே நின்று சொல்ல, டாக்டர் முகம் சுண்டிப்போயிற்று. மூடிக்கிடந்த ஜன்னல்களைத் திறந்தார்கள். இரண்டாவது புகைபோக்கி வரப்போகிறது, காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று பைக் கழுவும் கடைக்காரர் பக்கத்து இடத்தையும் வாடகைக்குப் பிடித்தார்.

எல்லோரையும்விடத் தலைகால் புரியாமல் ஆடியது பளிச்சக்காதான். காற்று சுத்தமாகிவிட்டது என்றால் தங்கச்சி திரும்பி வரலாமே! பேப்பர் கையில் கிடைத்த சூட்டோடு தங்கச்சிக்குப் போன் போட்டாள். செய்தியை முழுசாக வாசித்துக் காட்டினாள். புது வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், உன் வீட்டுக்காரருக்குக் கட்டாயம் கிடைக்கும், குட்டிக்கு நம் மாடியில் ஊஞ்சல் போடலாம் என்று மூச்சு விடாமல் பேசினாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தால் யார்தான் வேண்டாமென்பார்கள்? தங்கச்சி அழுதே விட்டாள். அந்த வாரத்திலேயே வீட்டைக் காலி செய்கிறோம் என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு, குட்டியைப் பள்ளியிலிருந்தும் எடுத்துவிட்டு, சாமான் கட்ட ஆரம்பித்தாள். இங்கே அக்கா புது மெத்தைக்கு உறை தைத்து, அதையும் துவைத்து வைத்தாள்.

அப்போதுதான் பேராசிரியர் வந்தார். பொருளாதாரம் படித்தவர், உருண்டையாக, சிரித்த முகமாக, பையில் எப்போதும் சாக்பீஸ் வைத்திருப்பவர். ஆலைக்காரர்கள் அழைத்து வந்திருந்தார்கள். இரண்டாவது புகைபோக்கிக்காக ஊர்மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் வார இறுதியில் நடக்க இருந்தது, அதில் பேசுவதற்காக. தூசிக்காரரோடு லாண்டரிக்கு வந்தவர் மாடியைப் பார்க்க வேண்டும் என்றார். பளிச்சக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தானே முன்னால் ஏறி வழிகாட்டினாள். பேராசிரியர் மாடிச் சுவரில் சாக்பீஸால் ஒரு மலை வரைந்தார். ஒரு நாடு பணம் சேர்க்கச் சேர்க்க அழுக்கு இப்படி ஏறும், ஓர் அளவுக்குப் பணம் வந்துவிட்டால் அப்புறம் அழுக்கு தானாக இப்படி இறங்கும் என்று மலையின் மறுபக்கத்தைத் தடவிக் காட்டினார். ஏறுகிற பக்கத்துக்கு உலகம் முழுக்கச் சாட்சி இருக்கிறதாம். இறங்குகிற பக்கத்துக்கு நல்ல சாட்சி கிடைக்காமல் இத்தனை வருஷம் அலைந்தாராம். "கடைசியில அந்தச் சாட்சி உங்க மாடியில கிடைச்சிருக்கும்மா" என்று மரச்சட்டத்தைக் கும்பிடாத குறையாகக் காட்டினார்.

"இதுவா?" என்றாள் பளிச்சக்கா.

தூசிக்காரர் மூக்கை உறிஞ்சியபடி, இந்தத் துணியில் படியும் தூசைத்தான் எடை போடுகிறோம், ஒரு வருஷமாக ஒரு பொட்டுத் தூசு ஏறவில்லை, உங்கள் வீட்டுக்காரரிடம் அன்றைக்கே சொன்னேனே என்றார்.  பளிச்சக்கா மெதுவாகத் திரும்பி, பின்னாலேயே ஏறி வந்திருந்த வீட்டுக்காரரைப் பார்த்தாள். வீட்டுக்காரருக்கு அந்த நிமிஷத்தில் எல்லாம் ஞாபகம் வந்தது. இப்படி ஒரு நேரத்திலா வரவேண்டும் ஞாபகம்? வாய் திறக்கப்போனவளைத் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் இழுத்துக்கொண்டு போய், துவைத்த கதையை அவள் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிக்க அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஒரு வருஷம் அரசாங்கத்துக்கு ஓசியில் துணி துவைத்துக் கொடுத்து ஒரு மலையையே இறக்கியிருக்கிறாள். சத்தம் வராமல் இருக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அப்புறம் குட்டி ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றது.

வந்தவர்கள் படியிறங்கினதும் தங்கச்சிக்குப் போன் போட்டாள். காற்று பழையபடிதான் இருக்கிறது, வராதே என்றாள். தங்கச்சி நம்பவில்லை. போன வாரம் பேப்பரை வாசித்துக் காட்டியவள் இந்த வாரம் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? துணியைத் துவைத்தேன் என்று இவள் சொல்லச் சொல்ல, அரசாங்கமே எடை போட்டுச் சொன்னதை ஒரு துணி துவைத்து மாற்ற முடியுமா என்று அவள் கேட்டாள். கடைசியில் அவள் குரல் கனத்துவிட்டது.

"நாங்க கஷ்டத்துல வந்து உன் வீட்டுல ஒட்டிக்குவோம்னு நினைக்கிறியா அக்கா? நேராவே சொல்லிடு. இல்லாத கதையெல்லாம் எதுக்கு?"

பளிச்சக்காவுக்கு அழுகை பொங்கியது. என்ன சத்தியம் செய்தும் எடுபடவில்லை. கூட்டம் முடிந்த மறுநாள் பஸ் ஏறுகிறோம், உன் வீட்டில் இடமில்லாவிட்டால் வாடகைக்குப் பார்த்துக்கொள்கிறோம் என்று தங்கச்சி போனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்காரர் ஒரு வழி சொன்னார். கடையில் கூரை ஒழுகுகிறது, அம்மை போட்டிருக்கிறது, எதையாவது சொல்லித் தள்ளிப்போடலாம் என்றார். எத்தனை நாள் தள்ளிப்போடுவது? பேப்பர்க்காரன் சொன்னதை நம்பி வருகிறவளைப் பேப்பர்க்காரன் சொன்னால்தான் நிறுத்த முடியும் என்று பளிச்சக்கா கண்டுகொண்டாள். அப்படியென்றால் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லியாக வேண்டும். சொன்னால் ஆலைக்காரர்களின் மேலங்கி மூட்டை இனி வராது. இரண்டாவது புகைபோக்கியை நம்பி இருக்கிற பாதி ஊர் கடைப்பக்கம் எட்டிப் பார்க்காது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற வேலை. அதையும் இவ்வளவு தூசு உள்ள ஊரில் கையால் வேறு வாரிப் போட வேண்டுமா என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். ஆனால் தடுக்கவில்லை. அவருக்கும் குட்டி என்றால் உயிர்.

வெறும் வாயால் சொன்னால் தங்கச்சியே நம்பவில்லை, ஊரா நம்பும்? அதனால் சட்டத்தில் இருந்த துணியைக் கூட்டம்வரை துவைக்காமல் விடுவது என்று முடிவானது. அடடா, அந்த நாட்களில் அவள் பட்ட பாடு. மெஷின் பக்கம் நின்றாலும் மனசு மாடியில். துணி எவ்வளவு அழுக்காகியிருக்கும் என்று நினைத்தாலே உள்ளங்கை அரித்தது. தொட்டியைப் பார்க்கிற சாக்கில் படியேறுவாள், வீட்டுக்காரர் கையைப் பிடித்து இறக்குவார். ஒருதரம் அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வாளியோடு மாடிவரை போய்விட்டாள். அவர் ஓடிப்போய்த் தடுத்தபோது, "ஓரத்தை மட்டும் கொஞ்சம் தட்டி விடுறேங்க, பாக்க சகிக்கல" என்று கெஞ்சினாளாம். கடைசியில் மாடிக்கதவைப் பூட்டி, சாவியை அவர் வண்டிக்குள் ஒளித்து, ஒளித்த இடத்தையும் வழக்கம்போல் மறந்துபோனார். கூட்டத்தன்று பூட்டை உடைக்க வேண்டியிருந்தது.

கூட்டம் ஆலையின் பெரிய கொட்டகையில். ஊரே திரண்டிருந்தது. மேடையில் ஆலை மேனேஜர், பேராசிரியர், தூசிக்காரர், பின்னால் கரும்பலகை. சாட்சியைத் தன் மாடியில் பாதுகாத்த அம்மா என்பதற்காகப் பளிச்சக்காவுக்கு முன்வரிசை. மடியில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஒரு பெரிய பொட்டலம். பேராசிரியர் மறுபடி மலை வரைந்தார். இந்த ஊரில் துவைப்பதும் வளர்ச்சி, பெயிண்ட் அடிப்பதும் வளர்ச்சி, மருந்து விற்பதும் வளர்ச்சி, எல்லாம் கூட்டினால் இத்தனை உயரம், அந்த உயரத்திலிருந்து அழுக்கு எப்படிச் சறுக்கிக்கொண்டு இறங்குகிறது பாருங்கள் என்று சிறுபிள்ளை மாதிரிக் கையைச் சறுக்கிக் காட்டினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பூங்கொத்து வாங்கிக்கொண்டு இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று பளிச்சக்காவை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

மைக் முன்னால் போய் நின்றாள். பேசுவதற்கு முன்னால் பொட்டலத்தைப் பிரித்தாள். சட்டத்தோடு துணி வெளியே வந்தது. பிரித்த வேகத்தில் புகை கிளம்பியது. மேனேஜர் அடுத்தடுத்துத் தும்மினார், தும்மல் மைக்கில் விழுந்து கொட்டகை அதிர்ந்தது. துணி நிறம் தெரியாமல் கிடந்தது. அவள் விரலால் நடுவில் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். கோட்டுக்குள் மட்டும் வெள்ளை.

"இது ஒரு வாரத்து அழுக்கு. இத்தனை நாளா தினமும் நான்தான் துவைச்சு மாட்டினேன். எதுக்கு வெச்சிருக்காங்கன்னு தெரியாது. அழுக்கா இருந்துச்சு. துவைச்சேன். அவ்வளவுதான்."

 முதலில் புரிந்தது தூசிக்காரருக்கு. அந்த மைனஸ் அவரை ஒரு வருஷமாகத் தூங்கவிடவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, எனக்குத் தெரியும், எனக்கு அப்போதே தெரியும் என்று கைக்குட்டையை ஆட்டினார். தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை என்று மேனேஜர் கேட்டதும் அதே கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினார். பேராசிரியர் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உருண்டை முகம் முதலில் வாடியது. அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பளிச்சக்கா பயந்துபோனாள். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார். கரும்பலகைக்குப் போய், மலையின் இறங்குகிற பக்கத்தைத் தன் சட்டைக் கையாலேயே அழித்தார். பாதி மலை அந்தரத்தில் நின்றது. அவர் சட்டைக் கையில் சாக்பீஸ் அப்பியிருந்ததைப் பார்த்து, அந்தக் களேபரத்திலும் பளிச்சக்காவின் விரல்கள் துடித்தன.

அதற்கப்புறம் கொட்டகையில் நடந்ததைக் கூட்டம் என்று சொல்ல முடியாது. பாதிப் பேர் சிரிப்பு, பாதிப் பேர் கோபம். பைக் கழுவும் கடைக்காரர், எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாயே என்று கத்தினார். டாக்டர் எழுந்து, யாரும் கேட்காமலேயே, இருமல் மனப்பிரமை இல்லை என்று இரண்டு முறை சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தூசைப் பிடிக்கும் எந்திரத்தைப் பழைய புகைபோக்கிக்கு மாட்டாமல் புதியதைப் பற்றிப் பேச்சில்லை என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனார்கள். அதை மாட்டுவார்களா, எப்போது மாட்டுவார்கள் என்று கேட்டதற்கு மேனேஜர் மறுபடி தும்மினார்.

மறுநாள் பேப்பரில் முதல் பக்கத்தில் பளிச்சக்காவின் படம் வந்தது, கையில் அழுக்குத் துணியோடு. அவள் வாழ்நாளில் இப்படி ஒரு அவமானத்தை நினைத்துப் பார்த்ததில்லை. ஆலை மூட்டை நின்றது. பெயிண்ட் கடைக்காரர் தன் வேட்டி சட்டையைத் தானே துவைத்துக்கொள்வதாக அறிவித்தார். மெஷின்கள் ஓயாமல் ஆடிய கூடத்தில் பாதி நின்றுபோய், பேச்சு எதிரொலித்தது. அவள் எதையும் காதில் வாங்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஏறுகிற நேரத்துக்குச் சற்று முன்னால் போன் வந்தது. எடுத்தால் பேச்சில்லை, சிரிப்புதான். தங்கச்சி மூட்டை முடிச்சோடு பஸ் நிலையத்தில் நின்று பேப்பர் வாங்கியிருக்கிறாள். வார்த்தை வராமல் சிரிக்கிறாள்.

"அரசாங்கத்தையே துவைச்சுட்டியே அக்கா. இஸ்திரியும் போட்டியா?"

"போட்டேன்டி. நீலம்கூடப் போட்டேன்."

அவ்வளவுதான். இஸ்திரி மேஜைப் பக்கம் நின்று சிரித்த அதே சிரிப்பு. இந்தப் பக்கம் இவளும் அந்தப் பக்கம் அவளும் விக்கி விக்கிச் சிரித்தார்கள். கூலி ஆள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியபடியே நின்று பார்த்தார். சிரித்து ஓய்ந்ததும் யாருக்கு முதலில் அழுகை வந்தது என்று இருவருக்கும் தெரியாது. நான் உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்றாள் தங்கச்சி. அதை விடு, காலி செய்த வீட்டை மறுபடி கேட்டுப் பார், குட்டியைப் பள்ளியில் திரும்பச் சேர்த்துவிடு, செலவுக்கு நான் அனுப்புகிறேன் என்றாள் அக்கா. தங்கச்சி சரி என்றாள். ஒரு வாரமாக எந்தப் பதிலுக்காகப் பாடுபட்டாளோ அந்தப் பதில் கிடைத்துவிட்டது. அது கிடைத்ததும் பளிச்சக்காவுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது.

போனைக் குட்டி பிடுங்கிக்கொண்டது. ஏறப்போன பஸ்ஸில் ஏறாமல் நிற்கிற கோபம் அதற்கு.

"பெரியம்மா, அந்தத் தூசெல்லாம் எப்ப போகும்? நாங்க என்னிக்கு வரட்டும்?"

கடைக்கு வருகிறவர்கள் எப்போது கிடைக்கும் என்று கேட்டால், துணியை ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்து, செவ்வாய், வெள்ளி என்று அந்த நொடியே கிழமை சொல்லிவிடுகிறவள் அவள். சொன்ன கிழமை ஒருநாளும் தவறியதில்லை. இப்போது திறந்த வாய் அப்படியே நின்றது. ஜன்னலுக்கு வெளியே புகைபோக்கி சலித்துக்கொண்டிருந்தது. குட்டி மறுமுனையில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. விசில் இல்லாத மூச்சு.

"தெரியலடா தங்கம்" என்றாள் பளிச்சக்கா.